வேலை கிடக்கு, வேக்கன்சி இல்லை

யாழ்ப்பாணத்தில் ஏ.எல். பொருளியல் வகுப்பில் முதல் தவணையிலேயே கேள்வி வளையியையும் நிரம்பல் வளையியையும் கீறிவிடுவோம். ஒன்று இறங்கும், மற்றது ஏறும், வெட்டும் இடம் சமநிலை. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் நிரம்பல் கூடும், தட்டுப்பாடு தீரும். கீறிக் கீறிப் பழகி, இப்போது பலகையைப் பாராமலே கீறுவேன். 2023 இல், பேப்பரைத் திறந்தால் வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போகும் செய்தியாகவே இருந்த காலத்தில், பின்வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி எழும்பிக் கேட்டாள்: “சேர், டொக்டர்மாருக்குத் தட்டுப்பாடு எண்டால் அவையின்ர சம்பளம் ஏறத்தானே வேணும்? ஏறினால் ஏன் போயினம்?”

பாடப்புத்தகத்துக்குள் நின்று பதில் சொன்னேன். இந்தச் சந்தையில் கொள்வனவு செய்பவர் அநேகமாக ஒருவர்தான், அரசாங்கம். விலையைச் சந்தை தீர்மானிப்பதில்லை, திறைசேரி தீர்மானிக்கிறது. விலை கட்டப்பட்டிருக்கும்போது தட்டுப்பாடு தானாகத் தீராது. அவள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். பரீட்சைக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகாமல் நின்றது. ஏனென்றால் அதே கிழமை, ஓ.எல். முடித்த மகளோடு வந்த ஒரு தகப்பன் என்னிடம் கேட்டது இதன் மறுபக்கம்: “சேர், உலகம் முழுக்க டொக்டர்மாருக்கு, நேர்ஸ்மாருக்கு, லாப் ஆக்களுக்குத் தட்டுப்பாடாம். அப்ப பிள்ளையை ஏ.எல்.லுக்குப் பயோ படிக்க விட்டால் பிழைக்கலாம் என்ன?” தட்டுப்பாடு என்று சொல்கிறார்கள், அதனால் வேலை இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அது நியாயமான எண்ணம். நாங்கள் வகுப்பில் படிப்பிப்பதும் அதைத்தானே.

விலை ஏறாத இடத்தில் வேறு ஏதாவது ஏறும். வெளிநோயாளர் பிரிவில் வரிசை ஏறும். விடிய முதலே நம்பர் எடுக்கப் போய்க் குந்தியிருக்கும் கிழவிகளின் தொகை ஏறும். பின்னேரத்தில் தனியாரிடம் டொக்டரைச் சனல் பண்ணுகிற காசு ஏறும். சிலருக்கு விலையும் ஏறத்தான் செய்தது. 2024 தை மாதத்தில் வைத்தியர்களின் டாட் எனப்படும் மேலதிகக் கொடுப்பனவை 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக்கினார்கள். உடனே 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் எங்களுக்கும் வேண்டும் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆஸ்பத்திரிகளுக்குள் ஆமிக்காரரை அனுப்பி வேலை செய்வித்தார்கள். அந்த நாட்களில் பலரும் இதை வைத்தியருக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான அந்தஸ்துச் சண்டை என்று கதைத்தார்கள். எனக்கு அது பொருளியலாகவே பட்டது. யார் கைவிட்டுப் போய்விடுவார் என்று பயமோ அவருக்கு விலை ஏறியது. பிளாப் பரீட்சை எழுதி இங்கிலாந்துக்கும் ஏ.எம்.சி. பரீட்சை எழுதி அவுஸ்திரேலியாவுக்கும் போகக்கூடியவரின் கையில் ஒரு கதவு இருந்தது. இரத்தம் குத்துகிறவரிடமும் எக்ஸ்ரே எடுக்கிறவரிடமும் அந்தக் கதவு அவ்வளவு இலகுவாகத் திறக்காது. நோயாளிக்கு யார் எவ்வளவு தேவை என்பதற்கும் இந்த விலைக்கும் பெரிய தொடர்பு இல்லை.

இதுவரைக்கும் நான் யோசித்ததெல்லாம் சம்பளத்தைப் பற்றி. சம்பளம் பிரச்சினையின் பாதிகூட இல்லை என்று எனக்குக் காட்டியவள் என் அக்காவின் மகள்.

அவள் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டதாரி. மருத்துவ பீடத்துக்குத்தான் ஆசைப்பட்டாள். முதல் தடவையும் கிட்டவில்லை, செக்கண்ட் சையும் கிட்டவில்லை, இசட் புள்ளியில் மயிரிழை. கிடைத்தது இந்தப் படிப்பு. நாலு வருடம். படித்து முடித்து, பதிவும் செய்து, நியமனம் வருமென்று இருந்து, இருந்து அலுத்து, டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சேர்ந்தாள். சம்பளத்தை அவள் சொல்லவில்லை, அக்கா சொன்னா. மேசன் வேலைக்குப் போகிற பெடியனுக்கு அதைவிடக் கூட வரும்.

என் அம்மாவை ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் விட்டிருந்தோம். சோடியம் குறைந்து, ஆளை அடையாளம் தெரியாமல் ஏதேதோ கதைத்துக்கொண்டிருந்தா. பின்னேரம் வார்டில் ஒரு துண்டைத் தந்து, இதை வெளியில செய்விச்சுக்கொண்டு வாங்கோ என்றார்கள். தந்த தாதியைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளை அன்றைக்கு எத்தனை கட்டிலுக்கு ஓடியது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரத்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனால், கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் மருமகள். தன் அம்மம்மாவின் இரத்தத்தை வாங்கி, பெயர் ஒட்டி, மெஷினில் வைத்தாள். காத்திருந்த நேரத்தில் கேட்டேன், அங்கே மெஷின் இல்லையா? இருக்கு என்றாள். இதைவிட நல்லது. இரசாயனமும் இருக்கு. நாலு மணிக்குப் பிறகு அதை இயக்க ஆள் இல்லை, இருக்கிற ஆட்கள் பகல் வேலையையே முடிக்க ஏலாமல் நிற்கிறார்கள். அப்படியென்றால் உன்னை எடுக்கலாமே என்றேன். அவள் சிரித்தாள். “மாமா, அங்க வேலை கிடக்கு. வேக்கன்சிதான் இல்லை.”

பிறகு விளங்கப்படுத்தினாள். அந்த இடத்துக்கு இத்தனை எம்.எல்.ரி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) என்று ஒரு ஆளணி, அதாவது பதவிகளின் எண்ணிக்கை, அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அது அங்கீகரிக்கப்பட்டபோது இருந்த கட்டில்கள் வேறு, இன்றைக்கு இருக்கிற கட்டில்கள் வேறு. அந்த எண்ணிக்கை கடதாசியில் நிரம்பியிருக்கிறது. நிரம்பியிருப்பவர்களில் ஒருவர் சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாட்டில். 2022 இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது, அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய் உழைக்கலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று சுற்றுநிருபம் வந்ததே, அதில் போனவர். அவருடைய கதிரையில் யாரும் இல்லை. ஆனால் கதிரை வெறுமை இல்லை. அந்தக் கதிரையின் வேலையைத்தான் இவள் டவுனில், தனியார் முதலாளியிடம், குறைந்த சம்பளத்துக்குச் செய்துகொண்டிருக்கிறாள், அதே ஆஸ்பத்திரியின் நோயாளிகளுக்கு. காசு நோயாளியின் பொக்கற்றிலிருந்து. அன்றைக்கு அது என் பொக்கற்.

ரிப்போட்டை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினேன். அம்மா பிறகு தேறிவிட்டா. அது வேறு கதை.

அன்றைக்குப் பிறகு “தட்டுப்பாடு” என்று யார் சொன்னாலும், எந்தப் பக்கத்துக் கணக்கில் என்று மனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் தேவையை எண்ணுகிறவர்கள் நோயாளியை எண்ணுகிறார்கள். வேலையை எண்ணுகிறவர்கள் நிதியமைச்சில் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தில் இருக்கிறார்கள். ஆளணி அங்கேதான் அங்கீகாரம் பெறவேண்டும். வடமாகாணத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ், பல ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். கட்டடம் கட்டுவது ஒருவர், ஆளைத் தருவது இன்னொருவர், அந்த ஆளுக்குச் சம்பளம் இருக்கிறதா என்று சொல்வது மூன்றாமவர். புதுக் கட்டடத்துக்கு நாடா வெட்டுகிற படம் பேப்பரில் வரும். அந்தக் கட்டடத்துக்குள் நிற்க எத்தனை பேருக்கு ஆளணி கிடைத்தது என்று எந்தப் பேப்பரிலும் நான் கண்டதில்லை. புலம்பெயர்ந்த எங்கட சனம் மெஷின் வாங்கித் தருகிறது, கட்டில் வாங்கித் தருகிறது, வார்டே கட்டித் தருகிறது. அதெல்லாம் பெரிய காரியம்தான். ஆனால் ஒரு பதவியை நன்கொடையாகத் தர யாராலும் ஏலாது.

இந்தச் சந்தையில் எம்.பி.பி.எஸ். ஒன்றுதான் விலக்கு. உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்தவரை உள்ளகப் பயிற்சிக்கு எடுத்து, பிறகு நியமனமும் கொடுப்பது இந்த நாட்டின் வழமை. பிந்தும், ஆனால் வரும். ஆகையால் “மருத்துவத் துறையில் வேலை இருக்கிறது” என்று பெற்றோர் சொல்லும்போது மனதில் இருப்பது அந்த ஒரு படிப்பு. நாடு முழுவதும் அதற்கு எடுபடுவது வருடத்துக்குச் சுமார் 2,000 பேர். மிச்சப் பிள்ளைகள் அந்த வசனத்தின் நிழலில் தாதியியலுக்கும் மருந்தகவியலுக்கும் ஆய்வுகூடத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் போகிறார்கள். இந்தத் துறைகள் பலவற்றில் உள்ளே போக இரண்டு வாசல். பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று, சுகாதார அமைச்சின் பயிற்சிப் பாடசாலை டிப்ளோமா மற்றது. அமைச்சு தன் பாடசாலைக்கு ஆளை எடுக்கும்போது பதவியையும் மனதில் வைத்தே எடுக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கவலை இல்லை, அது மாணவர் இடங்களைத்தான் எண்ணும். கைதடியில் சித்த மருத்துவம் படித்து முடித்த பிள்ளைகள் நியமனம் கேட்டு நின்றதை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். சனத்துக்கு எண்ணெயும் சூரணமும் வேண்டாமா? வேண்டும். அது தேவை. பதவி என்பது வேறு கணக்கு.

மானிப்பாயில் ஒரு பழைய கணக்கு

எங்கள் ஊரில் படித்தவன் நிற்காததற்கு எல்லாரும் யுத்தத்தைக் காரணம் சொல்வோம். யுத்தம் செய்ததை நான் குறைக்கவில்லை. 1987 ஐப்பசியில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் வைத்தியர்களும் தாதிகளும் சுடப்பட்ட ஊர் இது. ஆனால் வரலாற்றில் இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போனால், யுத்தம் தொடங்கிவைக்காத ஒரு பழக்கம் தெரிகிறது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர். மானிப்பாயில் இருந்துகொண்டு உள்ளூர்ப் பெடியளுக்கு ஆங்கில மருத்துவம் படிப்பித்தார். 1873 இல் அவர் திரும்பிப் போகும்வரை அவரிடம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேல். அவர் தமிழில் படிப்பித்ததையும் தமிழில் மருத்துவ நூல்கள் ஆக்கியதையும் மேடைகளில் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஏன் தமிழுக்கு மாறினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. முதலில் இங்கிலிசில்தான் படிப்பித்தார். அப்படிப் படித்தவர்களுக்கு அரசாங்க உத்தியோகமும் வேறு ஊர்களும் திறந்திருந்தன, போனார்கள். 1860களில் தமிழுக்கு மாறியபோது, தமிழில் படித்தவன் ஊரோடு நின்று ஊர்ச்சனத்தைப் பார்ப்பான் என்ற கணக்கும் அவரிடம் இருந்தது. இன்றைக்கு ஐந்து வருடக் கட்டாய சேவை என்றும் பிணை ஒப்பந்தம் என்றும் நாங்கள் செய்யப் பார்ப்பதை அவர் பாடமொழியை வைத்துச் செய்யப் பார்த்தார். 1870 இல் கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியது, பாதை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்கும் முந்தியது வட்டுக்கோட்டை செமினரி. 1823 இல் தொடங்கி 1855 இல் மூடினார்கள். மிஷனரிமாருக்கு இருந்த மனக்குறைகளில் ஒன்று, பெடியள் வேதத்துக்காகப் படிக்க வரவில்லை, கோறணமேந்து (அரசாங்க) உத்தியோகத்துக்காக வருகிறார்கள் என்பது. அந்த உத்தியோகமும் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. கொழும்பில் இருந்தது, பிறகு மலாயாவில் ரெயில்வேயிலும் கந்தோர்களிலும் இருந்தது. மலாயன் பென்சனியர் கட்டிய கல்வீடுகள் இன்றைக்கும் ஒவ்வொரு ஊரிலும் நிற்கின்றன. பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆய்வு செய்த கணிதர் எலியேசர் 1959 இல் மலாயாவுக்குப் போனார், பிறகு மெல்பேணில் லா ட்ரோப் பல்கலைக்கழகம். 1983 ஆடிக் கலவரத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. எங்கள் நிரம்பல் வளையி ஊரில் கீறப்பட்டது, கேள்வி வளையி எப்போதும் வேறெங்கேயோ.

இப்போது இதில் ஒரு தலைகீழும் நடக்கிறது. தீவுப்பகுதியிலோ வன்னியிலோ ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கிற இளம் டொக்டர் பல நேரம் குருநாகலிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வந்த பிள்ளை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலேயே படித்திருக்கவும் கூடும். “எங்க நோகுது அம்மா?” என்று தடுமாறித் தமிழில் கேட்கும். வருடாந்த இடமாற்றம் வரும்வரை இருந்துவிட்டுப் போகும். எங்கள் வீட்டு டொக்டர் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்க, அவருடைய அம்மாவின் பிறஷரை நெடுந்தீவில் பார்ப்பது மாத்தறைப் பிள்ளை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கோபப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. குறிகட்டுவானில் வள்ளத்துக்கு நிற்கிற சனத்துக்கு யார் வந்தாலும் டொக்டர்தான்.

வெங்காயம் மூன்று மாதம், டொக்டர் பத்து வருடம்

இணுவில், ஊரெழுப் பக்கம் தோட்டம் செய்கிறவர்களுக்கு இது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. இந்த முறை வெங்காயம் நல்ல விலை போனால் அடுத்த முறை எல்லாரும் வெங்காயம் நடுவார்கள், கிண்டும்போது விலை விழுந்திருக்கும். பொருளியலில் இதைச் சிலந்திவலை மாதிரியுரு என்று படிப்பிப்போம். ரிச்சர்ட் பிறீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970களில் இதையே பொறியியலாளர்களுக்குப் போட்டுப் பார்த்தார். சம்பளம் உயரும்போது பிள்ளைகள் குவிவார்கள், நாலு வருடம் கழித்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், சம்பளம் விழும், அடுத்த தொகுதி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காது, பிறகு மறுபடி தட்டுப்பாடு. வெங்காயத்துக்கு மூன்று மாதம் பிந்துகிறது. வைத்தியருக்கு? ஓ.எல். முடிந்து ஏ.எல்., இரண்டாம் தடவை எடுத்தால் இன்னொரு வருடம், பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பு, ஐந்து வருடப் படிப்பு, உள்ளகப் பயிற்சிக்குக் காத்திருப்பு, பயிற்சி ஒரு வருடம். இன்றைக்கு ஒரு தகப்பன் யூரியூப்பில் பார்க்கிற தட்டுப்பாட்டுக்குப் பதிலாக அவருடைய மகள் வந்து நிற்கும்போது பத்து வருடம் போயிருக்கும்.

இதற்கு உதாரணம் தேடத் தேவையில்லை, இங்கிலாந்து இருக்கிறது. அங்கே டொக்டர் இல்லை, தேசிய சுகாதார சேவை வெளிநாட்டு ஆட்களில்தான் ஓடுகிறது என்ற செய்தியைக் கேட்டு எங்கட பெடியளும் பெட்டையளும் கடன்பட்டு பிளாப் படித்தார்கள். முதல் பகுதி எழுதி, இரண்டாம் பகுதிக்கு மன்செஸ்டர் வரை போய் வந்தார்கள். 2025 இல் அங்கே சிறப்புப் பயிற்சிக்கு இருந்த இடங்கள் சுமார் 10,000, விண்ணப்பித்தவர்கள் 30,000-க்கு மேல். பிளாப் சித்தியடைந்தும் முதல் வேலை கிடைக்காமல் இருக்கிறவர்கள் ஏராளம். அதே இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் எழுபது இலட்சத்தைத் தாண்டித்தான் இருந்தது. என் மருமகள் சொன்னதையே அவர்கள் இங்கிலிசில் சொல்கிறார்கள். 2030 இல் உலகத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் போதாமல் இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்த எண் பொய்யில்லை, நோயாளியின் பக்கத்திலிருந்து எண்ணிய எண் அது. கானாவில் பயிற்சி முடித்த தாதியர் நியமனம் இல்லாமல் வீட்டில் இருந்ததும் இதே உலகத்தில்தான்.

இந்த இடத்தில் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர், என்னோடு சண்டைக்கு வருவார். “நீ பிள்ளையளைப் பயப்படுத்துறாய். நாளைக்கு ஆர் கண்டது? படிச்சவன் எங்கயும் பிழைப்பான்.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படித்தவன் எங்கேயும் பிழைக்கத்தான் செய்தான், கனடாவில் தொழிற்சாலையிலும் பிழைத்தான். நான் கேட்பது அதைவிடச் சின்னக் கேள்வி. நாலு வருடம் இரத்தத்தையும் நுண்கிருமியையும் படித்தவளை, இரத்தமும் நுண்கிருமியும் நிறைந்து கிடக்கிற ஊரில் ஏன் அந்த வேலைக்கே வைத்திருக்க ஏலாது?

கிணத்துத் தண்ணி

விஞ்ஞானப் பக்கம் நிலைமை இன்னும் மோசம், அங்கே எம்.பி.பி.எஸ். போல ஒரு விலக்குக்கூட இல்லை. இன்னொரு நண்பரின் மகன் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம், நல்ல வகுப்பு. கொஞ்சக் காலம் பல்கலைக்கழகத்தில் தற்காலிகமாக மாணவருக்குச் செய்முறை காட்டினான். பிறகு 2020 இல் பட்டதாரிகளைத் தொகையாக எடுத்தபோது மாதம் 20,000 ரூபா பயிற்சிக் கொடுப்பனவில் உள்ளே போய், இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அஸ்வெசும நலன்புரி உதவி விண்ணப்பம் சரிபார்க்கிறான், கூட்டத்துக்குக் கதிரை அடுக்குகிறான். “அங்கிள், நான் கெமிஸ்ரி பாவிக்கிறது பிரிண்டருக்கு மை மாத்தேக்க மட்டும்தான்” என்றான். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் கொட்டில் போட்டு இருந்தார்களே, அவர்களுக்குக் கிடைத்த தீர்வின் வடிவம் இதுதான். பட்டதாரிக்கு வேலை கொடுத்தார்கள், பட்டத்துக்குக் கொடுக்கவில்லை.

இரசாயனவியலாளனுக்கு யாழ்ப்பாணத்தில் வேலை இல்லை என்று சொல்கிறவரைச் சுன்னாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். 2014, 2015 இல் அந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து கிடந்தது. தண்ணி குடிக்கலாமா கூடாதா என்பதில் ஆளுக்கொரு கதை, அறிக்கைக்கு அறிக்கை வித்தியாசம். சனம் வாளியில் எண்ணெய் மிதக்கிறதைக் கண்ணால் கண்டுகொண்டு, எந்தத் தாளை நம்புவதென்று தெரியாமல் நின்றது. 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எண்ணெயை விடுங்கள். குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே போடுகிற உரமும் மலகூடக் குழியும் நேரே நிலத்தடி நீருக்குள் இறங்குகின்றன. கிணறுகளில் நைத்திரேற்றுப் பிரச்சினை எங்கள் அப்பா காலத்திலிருந்தே ஆய்வுக் கட்டுரைகளில் வருகிறது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, பெரும்பாலும் நம்பியிருப்பது இந்தத் தண்ணியைத்தான். ஒவ்வொரு பிரதேச சபையிலும் கிணற்றைக் காலத்துக்குக் காலம் அளந்து பதிகிற ஒரு இரசாயனவியலாளர் இருக்கவேண்டும் என்று நான் சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. எங்கே ஆளணி என்று கேட்டால்தான் கதை நிற்கும். அந்த ஆள் பக்கத்துக் கட்டடத்திலேயே, பிரதேச செயலகத்தில், படிவம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். சம்பளமும் அரசாங்கத்திடமிருந்து வாங்குகிறான். ஒரு கட்டடம் மாறி உட்கார வைக்க எங்களால் முடியவில்லை. இதில் திறைசேரிக்குச் செலவுகூட இல்லையே என்று நினைக்கும்போதுதான் எனக்கு உண்மையில் எரிச்சல் வருகிறது.

திரும்பவும் பெற்றோருக்கு வருகிறேன். அவர்கள் சந்தையைப் பார்த்துத்தான் பயோ விடுகிறார்கள் என்று நான் முழுதாக நம்பவில்லை. டொக்டர் மாப்பிள்ளை என்றால் சீதனப் பேச்சு எந்தத் தொகையில் தொடங்கும் என்பதும், கோயிலில் யார் யாருக்கு வழிவிடுவார்கள் என்பதும் அந்தத் தெரிவுக்குள் இருக்கிறது. “தட்டுப்பாடு” என்பது அந்த ஆசைக்குப் போடுகிற கௌரவமான சட்டை. ஆசையை நான் பழிக்கவில்லை. வழக்கமாக வருகிற பெற்றோரிடம் இப்போது ஒன்று மட்டும் சொல்கிறேன்: தட்டுப்பாட்டுச் செய்தியைப் பார்க்க வேண்டாம், பிள்ளை படிக்கப்போகிற துறையில் கடைசியாக எப்போது, எத்தனை பேருக்கு, விண்ணப்பம் கோரினார்கள் என்று வர்த்தமானியில் பாருங்கள். முந்தின தொகுதிப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடித்து என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். அநேகம் பேர் தலையாட்டிவிட்டுப் போய்ப் பயோ விடுகிறார்கள். அது அவர்கள் உரிமை.

மருமகள் வெளிநாடு போக ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொன்னால் இருந்து என்ன செய்ய என்று கேட்பாள். ஆனால் போகமுதல் அவளும் அவளுடைய பட்ச் பிள்ளைகள் சிலரும் ஒரு காரியம் தொடங்கியிருக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்துக்கும் விண்ணப்பம். வரைவதற்கு என்னைக் கூப்பிட்டார்கள். முதல் வரைவில் “ஏன் எங்களை எடுக்கவில்லை” என்ற கோபம் முழுக்க இருந்தது. ஏன் என்று கேட்டால் கதைதான் வரும், எண்ணைக் கேளுங்கள் என்றேன். கடைசியில் கேள்விகள் இவ்வளவுக்குச் சுருங்கின: அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, அதில் இன்றைக்கு நேரில் வேலைசெய்கிறவர்கள் எவ்வளவு, சம்பளமற்ற விடுமுறையில் எவ்வளவு, இந்த ஆளணி கடைசியாகத் திருத்தப்பட்டது எந்த ஆண்டு, அந்த ஆண்டில் கட்டில்கள் எத்தனை, இப்போது எத்தனை. “போன மாதம் எத்தனை பரிசோதனைகளை வெளியில செய்யச் சொல்லித் துண்டு குடுத்தனியள்” என்பதையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தாள். அதை அவர்கள் பதிவு செய்திருக்க மாட்டார்கள் என்றேன். பதிவு இல்லை என்று எழுத்தில தரட்டும், அதுவும் ஒரு பதில்தானே சேர் என்றாள். சேர்த்தோம்.

படிவங்கள் போய்விட்டன. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் அறிவிக்கவேண்டும். வருகிற எண்களை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இங்கேயே போடுகிறேன். இதே விண்ணப்பத்தைத் தாதியருக்கோ மருந்தாளருக்கோ உங்கள் மாவட்டத்தில் போட விரும்புகிறவர்கள் எழுதுங்கள், வரைவை அனுப்பிவிடுகிறேன்.